பாலத்து மேல நாப்பது பேரு, கீழ ஒருத்தி

பஸ்ஸோட முன்சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுங்கின சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அது ஒண்ணும் பெரிய சத்தம் இல்ல. நாப்பது பேரும் பேச்ச நிறுத்திட்டு உக்காந்திருந்ததால கேட்டுச்சு.

டிரைவர் ஏழுமலை அண்ணன் ஸ்டியரிங்கத் தொட்டுக் கும்பிட்டாரு. கண்ணாடியில எங்களப் பாத்தாரு. "இன்னாம்மா, மேலயா, கீழயா?"

"மேல போங்கண்ணே."

முதல்ல அப்படிக் குரல் குடுத்தது யாருங்கறது எங்க பஸ்ஸுல ரொம்ப நாளு விவகாரமா ஓடிக்கினு இருந்துச்சு. ஆளாளுக்கு ஒரு பேரு சொன்னாங்க. நானும் ஒரு பேரு சொன்னேன். பாவம், அந்தப் பொண்ணு அன்னிக்கு லீவு.

கத்தினது நாந்தான்.

ஒரகடம் கூட்ரோட்டு மேம்பாலம் அப்பதான் திறந்திருந்தாங்க. முந்தின நாள் சாயங்காலம் ரிப்பன் வெட்டினாங்க. மறுநாள் காலையில ஆறரைக்கு எங்க கம்பெனி பஸ் அதோட அடிவாரத்துல நிக்குது. எந்த வருசம்னு கேக்காதீங்க. செல்போன்ல பாம்பு வளத்த காலம் போயி, எல்லாரும் அவங்கவங்க மூஞ்சியையே படம் புடிக்க ஆரம்பிச்சிருந்த காலம்.

போன வாரம் கேன்டீன் சாம்பாரப் பத்தி எழுதினதுக்கு ஒரு வாசகி, "உங்களுக்கு சாம்பாரத் தவிர வேற ஞாபகமே கிடையாதா"ன்னு கேட்டு எழுதியிருந்தாங்க. இருக்கு. இந்த வாரம் பாலம். சாம்பாரு கடைசியில கொஞ்சம் வரும், பொறுத்துக்கணும்.

வருசக்கணக்கா ஒரு வேடிக்கை

அந்தப் பாலத்தக் கட்டி முடிக்கிறதுக்குள்ள எங்க பஸ்ஸுல ரெண்டு பேருக்குக் கல்யாணம் ஆச்சு. ஒருத்திக்குக் கொழந்த பொறந்து, மொட்ட போட்டு, காதும் குத்தியாச்சு. தூண் மட்டும் தலையில கம்பிய நீட்டிக்கினு அப்படியே நின்னுது.

காலையில போறப்ப ஒரு தரம் பாப்போம், சாயங்காலம் வர்றப்ப ஒரு தரம் பாப்போம். நாலு கம்பி கூடியிருந்தாப் போதும், ஏதோ எங்க வூட்டுக்கே தளம் போட்ட மாதிரி பேசிக்குவோம். "அடுத்த பொங்கலுக்குத் திறந்துடுவான்"னு ஒருத்தி சொல்லுவா. எந்தப் பொங்கல்னு சொல்ல மாட்டா.

அடியில டைவர்ஷன் நாளுக்கு ஒரு பக்கம். நேத்து போன வழி இன்னிக்குப் பள்ளமா இருக்கும். காருங்கள அடுக்கி ஏத்திக்கினு போற நீள லாரி ஒண்ணு திரும்ப முடியாம மாட்டிக்கிச்சுன்னா எல்லா கம்பெனி பஸ்ஸும் வரிசையா நிக்கும். அந்த டிராபிக்ல உக்காந்து நான் மூணு மொழம் பூ கட்டி, தலையில வச்சு, அது வாடியும் போயிருக்கு.

அதனால திறந்த அன்னிக்கு ஜனம் சும்மா இருக்குமா. படப்பையிலேருந்து ஷேர் ஆட்டோ புடிச்சு வந்தாங்க. கைக்கொழந்தையத் தூக்கிக்கினு வந்தாங்க. புது பைக் வாங்கினவன் பாலத்து மேலயே பூஜ போட்டான். எங்க சித்தி எலுமிச்ச சாதம் கட்டி எடுத்தாந்து, நடுப் பாலத்துல பேப்பர விரிச்சு உக்காந்து, "காத்து ஜிலுஜிலுன்னு வருது, வூட்டுல கூட இப்படி வராது"ன்னா. நானும் உக்காந்து ரெண்டு வாய் சாப்ட்டேன். ரோட்டுல உக்காந்திருக்கோம்னு யாருக்கும் தோணல.

பட்டணத்துக்காரங்களுக்குப் பாலம்னா அடியில இருக்கறதுதான் முக்கியம். வண்டி நிறுத்த, மழைக்கு ஒதுங்க, இளநீ விக்க, காதலிக்க, கட்சித் தலைவர் பேர எழுத. மேல என்ன இருக்குன்னு அவங்க பாக்கறதே இல்ல. எங்களுக்கு அது முத மேம்பாலம். அதனால மேலயே குடித்தனம் பண்ணப் பாத்தோம்.

தல கேக்குற பாலம்

சின்ன வயசுல எனக்குப் பாலம்னா பயம். நான் சேரப்பணஞ்சேரிக்காரி. எங்க பக்கத்துல பாலம்னு சொன்னா, ஏரி நெறஞ்சு வழியற கால்வாய்க்குக் குறுக்க போட்ட நாலு கல்லுதான். மழைக்காலத்துல அதுவும் தண்ணிக்குள்ள போயிடும்.

அந்தக் காலத்து ராஜாக்கள நான் குத்தம் சொல்றதா நெனக்காதீங்க. எங்க பக்கம் ஏரி ஏரியா வெட்டித் தள்ளியிருக்காங்க, கோயிலாக் கட்டி வச்சிருக்காங்க. ஆனா அந்தத் தண்ணியத் தாண்டிப் போறதுக்கு ஒரு பாலம் வேணும்னு மட்டும் யாருக்கும் தோணல. ராஜா யானை மேல போயிருப்பாரு. அவருக்கு முழங்கால் நனஞ்சிருக்காது.

எங்கயாவது பெரிய பாலம் கட்டறாங்கன்னா ஊருக்குள்ள ஒரு புரளி கெளம்பும். தூணுக்கு அடியில புள்ளைங்க தல வைக்கணுமாம், வச்சாத்தான் பாலம் நிக்குமாம், சாக்குப் பையோட ஒருத்தன் சுத்தறானாம். உங்க ஊர்லயும் சொல்லியிருப்பாங்க. இஞ்சினியருங்க படிச்ச படிப்பு மேல எங்க ஜனத்துக்கு அவ்ளோ நம்பிக்க.

நான் சோறு திங்க அடம் புடிச்சா எங்க அம்மா, "இரு, உன்னப் பாலத்துக்குக் குடுத்துடறேன்"னு மெரட்டுவாங்க. நான் ஒடனே என் தங்கச்சியக் காட்டி, "இவளக் குடு, இவளுக்குத்தான் தல பெருசு"ன்னுவேனாம். வூட்டுல இன்னிக்கும் இதச் சொல்லிச் சிரிப்பாங்க. நானும் சிரிக்கிறேன்தான். ஆனா என் புத்தி எப்படின்னு அப்பவே தெரிஞ்சிருக்கு, பாருங்க.

பள்ளிக்கூடத்துல பழைய பாட்டுங்க நடத்தினாங்க. காதலியப் பாக்க வர்றவன் மொதலைங்க கெடக்கற காட்டாத்த நீந்தித் தாண்டி வருவான். அவனுக்கு என்ன ஆவுமோன்னு காதலி கவலப்படுவா, அதவிட அதிகமா அவளோட தோழி கவலப்படுவா. நான் எழுந்து, "அந்தூர்ல ஒரு பாலம் கட்டியிருக்கலாமே"ன்னு கேட்டேன். "பாலம் இருந்தா பாட்டு ஏது, உக்காரு"ன்னாரு தமிழ் வாத்தியாரு. நியாயமான பேச்சுதான். ஆனா தோழிங்கறவ எவ்ளோ நல்லவன்னு அன்னிக்கு நான் கவனிக்கல.

பை வச்ச சீட்டு

இனி கனியப் பத்திச் சொல்லணும். சண்முகக்கனி. திருச்செந்தூர் பக்கத்துக்காரி. கூட்ரோட்டுக்குப் பின்னாடி ஒரே ரூம்ல அஞ்சு பொண்ணுங்களோட தங்கியிருந்தா. நானும் அவளும் ஒரே நாள்ல டிரெய்னியாச் சேந்தோம்.

காருக்குள்ள போற ஒயர் கட்டு செய்யற கம்பெனி. கலர் கலரா ஒயர் இருக்கும். ஒவ்வொண்ணையும் அதோட கனெக்டர்ல குத்தணும். டக்குனு ஒரு சத்தம் கேக்கணும். கேக்கலன்னா ஒயர் உள்ள உக்காரலன்னு அர்த்தம்.

கம்பெனி பஸ்ஸுக்குன்னு சில சட்டம் இருக்கு, எந்த புக்குலயும் இருக்காது. முன்னாடி ஸ்டாப்புல ஏறினவங்க பக்கத்து சீட்டுல பை வச்சா, அது வரப்போற சிநேகிதியோட சீட்டு. அதுல சூப்பர்வைசரே ஆனாலும் உக்காரக் கூடாது, கம்பியப் புடிச்சிக்கினு நிக்கணும். நான் சேரப்பணஞ்சேரியில ஏறுவேன். ஜன்னலோரம் எனக்கு, பக்கத்துல என் சாப்பாட்டுப் பை. கூட்ரோட்டுல கனி ஏறி, பைய மடியில எடுத்து வச்சிக்கினு, "ஏட்டி, இன்னைக்கு என்ன கொழம்பு?"ன்னு கேப்பா. ரெண்டு வருசம் இப்படித்தான் போனோம்.

அந்த ரெண்டு வருசம் முடியப் போறப்பதான் சங்கடம் வந்துச்சு. எங்க லைன்ல ஒரே ஒரு பர்மனென்ட் எடம். அதுக்கு ரெண்டு பேரு, நானும் கனியும். பாலம் திறந்த மறுநாள் காலையில ஏழு மணிக்கு டெஸ்ட். ஏழுக்கு ஸ்டூல்ல உக்காரலன்னா பேர அடிச்சிடுவேன்னு சூப்பர்வைசர் பிரபாகர் சார் சொல்லிட்டாரு. கெடைக்காதவங்க மாசக் கடைசியில வூட்டுக்குப் போவணும்.

எனக்கு வூடு பக்கம். கனிக்கு அது ஒரு முழு நாள் பயணம். அங்க அவ மாமன் மகன் ஒருத்தன் தாலியோட தயாரா இருந்தான். "வேலை போச்சுன்னா மறு முகூர்த்தத்துல என்னய அவங்கிட்டத் தள்ளிருவாங்கட்டி. அவன் மூஞ்சிய நீ பாத்ததில்லையே"ன்னு சொன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி அவ சாப்பிடவே இல்லைன்னு ரூம்ல இருந்த பொண்ணுங்க அப்புறம் சொன்னாங்க.

மேல போன பஸ்

இப்ப மறுபடி பஸ்ஸுக்கு வருவோம். எலுமிச்சம்பழம் நசுங்கிச்சு, நான் கத்தினேன், என் பின்னாடியே நாப்பது பேரும் கத்தினாங்க, ஏழுமலை அண்ணன் பஸ்ஸ மேல ஏத்திட்டாரு.

கனி ஏற வேண்டிய ஸ்டாப் கீழ, பாலத்துச் சுவர ஒட்டுன சின்ன ரோட்டுல இருக்கு. அது எனக்கு மறந்தே போச்சு. இது சத்தியம். நேத்து சாப்ட்ட எலுமிச்ச சாதமும் அந்தக் காத்தும்தான் தலைக்குள்ள இருந்துச்சு. பக்கத்து சீட்டுல அவளுக்குன்னு பைய வச்சிருக்கேன், அப்படியும் மறந்தேன்.

பஸ் மெதுவா ஏறிச்சு. அப்ப ஜன்னலுக்குக் கீழ கனி தெரிஞ்சா. தலைக்குக் குளிச்சு ஈர முடியோட, யூனிபார்ம இஸ்திரி போட்டு உடுத்திக்கிட்டு நின்னா. பஸ்ஸ நிறுத்த ஒரு கையத் தூக்கினா. பஸ் அவ பக்கத்துல வராம சுவத்துக்கு அந்தப் பக்கம் மேல ஏறிப் போவுது. தூக்கின கைய எறக்காம அப்படியே பாத்துக்கினு நின்னா.

பாத்த ஒடனே கத்தி பஸ்ஸ நிறுத்தச் சொன்னேன்னுதான் இத்தன வருசமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு வர்றேன். இந்தத் தொடர்ல பொய் எழுத மாட்டேன்னு முத வாரமே வாக்குக் குடுத்துட்டேன், அதனால சொல்றேன். நான் கத்தல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

பஸ்ஸுல ஒரே கும்மாளம். "அதோ பாரு நம்ம கம்பெனி", "அதோ பாரு ஏரி"ன்னு ஆளாளுக்குக் கை காட்டினாங்க. எனக்கு எதுவும் கண்ணுல படல. ஏழு மணிக்கு ஒரு ஸ்டூல் காலியா இருக்கும்னு மட்டும் மனசுல ஓடிச்சு. அது எனக்கு சந்தோசமா இருந்துச்சு. இத எழுதறதுக்கு வெக்கமா இருக்கு. ஆனா இருந்துச்சு.

பஸ் உச்சியத் தாண்டி எறங்கறப்ப சீட்டுல வச்ச பை சரிஞ்சு கீழ விழுந்துச்சு. உள்ள ரெண்டு டப்பா. டெஸ்ட்டுக்குன்னு எங்க அம்மா கேசரி கிண்டி, எனக்கு ஒண்ணு, கனிக்கு ஒண்ணுன்னு போட்டுக் குடுத்திருந்தாங்க. பையக் குனிஞ்சு எடுத்து மடியில வச்சேன். பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. அதுக்கு மேல என்னால உக்கார முடியல.

"அண்ணே, கனி கீழ நிக்கிறா."

அவரு கண்ணாடியில என்னப் பாத்தாரு.

"இப்ப சொல்றியே"ன்னாரு ஏழுமலை அண்ணன். "திரும்பணும்னா அந்தக் கோடி வரைக்கும் போய்க்கினு வரணும். அல்லாருக்கும் பஞ்ச் லேட்டாய்டும்."

"அப்ப என்ன எறக்கி வுடுங்க."

"உனுக்கும் இன்னிக்கு டெஸ்ட்டு கீதுல்ல?"

"கீது. எறக்கி வுடுங்க."

இட்லி வண்டி

பாலம் முடியற எடத்துல எறங்கித் திரும்ப ஓடினேன். நாங்க போடற சேப்டி ஷூவுக்கு இரும்பு மூக்கு. அதப் போட்டுக்கினு நடக்கறதே கஷ்டம். நான் கீழ் ரோட்டுல, தூணுக்கு நடுவுல, மிச்சம் கெடந்த பலகையையும் சேத்தையும் தாண்டி, கையில கேசரியோட ஓடறேன்.

ஸ்டாப்புல போய்ப் பாத்தா கனி இல்ல. டீக்கடை அக்கா, "அந்தப் பொண்ணா? பஸ்ஸத் தொரத்திக்கினு பாலத்து மேல ஓடிச்சே"ன்னாங்க.

எனக்கு மூச்சு முட்டுது. அப்ப தலைக்கு மேல இருந்து ஒரு குரல்.

"ஏட்டி அமுலு. அங்கன என்னத்தத் தேடுத?"

நிமிந்து பாத்தா, பாலத்துக் கைப்பிடிச் சுவத்துல சாஞ்சுக்கிட்டு கனி நிக்கிறா. வருசக்கணக்கா கட்டின பாலம், ரெண்டு பேரச் சேத்து வைக்க முடியல. அவளத் தேடி நான் கீழ வந்தேன், அவ மேல போயிட்டா.

"எறங்கி வாடி."

"அங்கனயே நில்லு. நீ மேல வந்துறாத."

அவ எறங்கி வந்தப்ப மணி ஏழாகப் போவுது. ஒரு ஷேர் ஆட்டோவும் காணோம். கடைசியில நின்னது எங்க கேன்டீன் வண்டி. காலை டிபன் ஏத்திக்கினு போவுது. "முன்னாடி எடமில்ல, பின்னாடி அண்டாவோட உக்காருங்க"ன்னாரு அந்த டிரைவரு. நான் இட்லிப் பாத்திரத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டேன். கனி சாம்பார் அண்டா மூடிய அமுக்கிப் புடிச்சிக்கிட்டா.

வண்டி கெளம்பினதும் அவ, "எனக்கு சீட்டுல பை வச்சிருந்தியா?"ன்னு கேட்டா.

"வச்சிருந்தேன்."

"சரி."

அவ்வளவுதான் கேட்டா. கேசரிய ஒரு கையால தின்னா, இன்னொரு கைய மூடியிலேருந்து எடுக்கல.

பின்பக்க கேட்டுல செக்யூரிட்டி எங்களப் பாத்துட்டு, "டிபன் லிஸ்ட்டுல ரெண்டு பொண்ணுங்க இல்லியே"ன்னாரு. லைனுக்கு ஓடினப்ப மணி ஏழு இருபத்தஞ்சு. ஒயரக் குத்திக் காட்ட ரெண்டு போர்டு, ரெண்டு ஸ்டூல், நடுவுல பிரபாகர் சார், கையில ஸ்டாப் கிளாக்.

நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அவரே பேசினாரு. "ஒருத்தி வந்திருந்தாக் கூட ஏழுக்கு டான்னு ஆரம்பிச்சி இன்னொருத்தி பேர அடிச்சிருப்பேன். ரெண்டு பேரும் வரலன்னா நான் யார வச்சி டெஸ்ட் நடத்தறது? ரெண்டு பேரையும் அடிச்சிட்டா, எச்.ஆர். கேட்டா யாரக் காட்டுவேன்? போங்க, மொதல்ல கையக் கழுவுங்க. சாம்பார் வாசன வருது."

கனி ஜெயிச்சா. என் போர்டுல ஒரு செகப்பு ஒயர் உள்ள உக்காரல. டக்குனு சத்தம் கேக்காததக் கூட நான் கவனிக்கல. மாசக் கடைசியில வூட்டுக்குப் போனேன். ஆறு மாசம் கழிச்சு புது லைன் போட்டப்ப என்னக் கூப்ட்டாங்க. என் பேரச் சொன்னது கனி.

வாசிச்சுக் காட்டினேன்

இப்ப கனி படப்பையில எனக்கு ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கா. லைன் இன்சார்ஜ். மாமன் மகனக் கட்டல, அவளாப் பாத்து ஒருத்தரக் கட்டிக்கிட்டா. இந்த வாரம் எழுதினத அனுப்பறதுக்கு முன்னாடி அவ வூட்டுக்குப் போய் வாசிச்சுக் காட்டினேன். ஊருக்கெல்லாம் தெரியறதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும்ல. அவ துணி மடிச்சிக்கிட்டே கேட்டா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்னு எழுதின எடத்துல என் குரலு கொஞ்சம் எறங்கிடுச்சு.

அவ மடிக்கறத நிறுத்தல. "அது எனக்குத் தெரியும்ட்டி"ன்னா.

"தெரியுமா?"

"நீ பாத்த, நானும் பாத்தேம்லா. பொறவு நீ மூஞ்சியத் திருப்புன."

என் பேரச் சிபாரிசு பண்ணினப்ப அவளுக்குத் தெரியும். அவ கல்யாணத்துல என்னத் தோழியா நிக்க வச்சப்ப தெரியும். நேத்து என் வூட்டுல வந்து மீன் கொழம்பு சாப்ட்டப்பவும் தெரியும்.

"அப்புறம் ஏன் கனி இத்தன வருசமா ஒரு வார்த்த கேக்கல?"

"மேல ஏறிப் போயிப் பாத்தேன். பஸ்ஸு அந்தக் கடைசியில நிக்கி. நீ எறங்குற. எறங்கித் திரும்பி ஓடி வார. அதையும் நாந்தான பாத்தேன். பொறவு என்னத்தக் கேக்க?"

நான் பேப்பர மடிச்சேன். கண்ணு கலங்கிடுச்சு. அவ கடைசித் துணிய மடிச்சு வச்சுட்டு என்னப் பாத்தா.

"அந்த ஷூவப் போட்டுக்கிட்டு நீ ஓடுன ஓட்டம் இருக்கே, மேலருந்து பாக்க தாராக் கோழி தத்தக்கா பித்தக்கான்னு ஓடுன மாதிரி இருந்துச்சு. எனக்கு டெஸ்ட்டுன்னே மறந்து போச்சு, அம்புட்டுச் சிரிப்பு. அத எழுதுனியா?"

"இல்ல."

"அத எழுது மொதல்ல."

எழுதிட்டேன்.